பாலர் பருவத்தில் விளையாட்டு

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பாலர் பள்ளி ஆசிரியைகள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



விழாக் குழுவினர் எங்களுக்குக் கொடுத்த தலைப்பு "பாலர் பள்ளியின் வளர்ச்சி" என்பதாகும். எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எப்போது ஓட்டை மாற்றித் தளம் போட்டோம் என்பதெல்லாம் ஆண்டறிக்கையில் அச்சாகியிருக்கிறது. அதையே இங்கும் படித்து உங்களைச் சோர்வடையச் செய்ய விருப்பமில்லை. ஆகவே வேறொன்றைப் பேச அனுமதி கேட்டோம். சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறைக்கு முன் ஒரு தந்தை எங்களிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவே இந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறோம்.

அவர் கேட்டது இதுதான்: "டீச்சரம்மா, சேர்த்து ஆறு மாசமாச்சு. எங்க பொண்ணு 'அ' கூட எழுதல. வீட்டுக்கு வந்தா மண்ணும் புளியங்கொட்டையும்தான். பக்கத்துத் தெருப் பிள்ளை வேன்ல போகுது, ஏ பி சி டி முழுக்கச் சொல்லுது. நீங்க என்னதான் சொல்லித்தர்றீங்க?"

அவர் சண்டை போட வரவில்லை. கல் குவாரியில் வேலை பார்ப்பவர்; எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தாம் பட்ட பாட்டை மகள் படக்கூடாதே என்ற ஏக்கத்தில் கேட்டார். நாங்களோ, "சின்னப் பிள்ளைதானே, போகப்போக வந்துவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அது பதில் ஆகுமா? ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அந்தச் சிறுமி வரவில்லை. அவளோடு இன்னும் மூன்று பிள்ளைகளும் வரவில்லை. இப்படியே போனால் நாங்களும் சிலேட்டையும் கோடு போட்ட நோட்டையும் கையில் கொடுத்தே ஆகவேண்டும், இல்லையேல் பள்ளியை மூடவேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. ஆகையால் அன்று சொல்லத் தவறியதை இன்று எல்லோர் முன்பாகவும் சொல்லிப் பார்க்கிறோம். கேட்டபின் நீங்களே தீர்மானியுங்கள்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்களும் ஒரு காலத்தில் மூன்று வயதுப் பிள்ளைகளை எழுத வைத்தவர்கள்தாம். சிலேட்டு நிறைய 'அ' எழுதினால்தான் வெளியே விளையாடப் போகலாம் என்று சட்டம் வைத்திருந்தோம். பார்க்க வந்த பெற்றோர் மகிழ்ந்தார்கள், நாங்களும் பெருமைப்பட்டோம். ஒரு சிறுமி மட்டும் பள்ளி வாசலைக் கண்டவுடன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். ஆஸ்பத்திரியில் காட்டினார்கள், நோய் ஒன்றுமில்லை என்றார்கள். சனி ஞாயிறுகளில் அவளுக்கு வலி வருவதேயில்லை என்பதைக் கண்டுபிடித்தவர் அவளுடைய பாட்டி. இன்னொரு பையன் பலப்பத்தைக் கடித்துத் தின்றுவிடுவான். சத்துக் குறைவோ என்று நாங்கள் கவலைப்பட்டோம். பலப்பம் தீர்ந்துபோனால் எழுதவேண்டியதில்லையே என்பது அவன் போட்ட கணக்கு என்று வெகுநாள் கழித்துத்தான் எங்களுக்குப் புரிந்தது. கணக்கில் கெட்டிக்காரன்!

பிள்ளை எழுத மறுப்பது சோம்பலால் அன்று. கையைக் கவனியுங்கள். நம் மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் இருக்கின்றன. பிறந்த குழந்தைக்கு அவை எலும்பாக இருப்பதில்லை, மெல்லிய குருத்தாக இருக்கின்றன. பிறகு ஒவ்வொன்றாகக் கெட்டிப்படுகின்றன. மூன்று வயதில் எக்ஸ்ரே எடுத்தால் மூன்று எலும்பு அளவில்தான் தெரியும். ஏழு வயதை ஒட்டித்தான் ஏழும் தெரியவரும். கடைசி ஒன்று அதற்கும் பின்னால் வரும். உடம்பை ஆளும் திறமையும் அப்படியே. முதலில் தோள், அப்புறம் முழங்கை, அப்புறம் மணிக்கட்டு, கடைசியாகத்தான் விரல் நுனி என்று அது படிப்படியாக இறங்கிவருகிறது. கொய்யா மரத்தில் தொற்றி ஏறுகிற பிள்ளையும், சின்ன வாளியில் தண்ணீர் தூக்கி ஊற்றுகிற பிள்ளையும், அம்மா பிசையும் கேழ்வரகு மாவில் ஒரு உருண்டை கேட்டு வாங்கி உருட்டுகிற பிள்ளையும் எழுதுவதற்கு வேண்டிய பலத்தைத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோலப்பொடியை இரண்டு விரலால் எடுத்து இழுக்கப் பழகிய பிள்ளைக்குப் பென்சில் பிடிப்பதைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இதை எங்கள் பள்ளியில் பலமுறை பார்த்திருக்கிறோம்.

கையை விடுங்கள், அறிவுக்கு என்ன என்று கேட்பீர்கள்.

ஒரு பையன் தென்னை மட்டையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு "டக் டக்" என்று குதிரை ஓட்டுகிறான். அது மட்டை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதைக் குதிரையாக வைத்துக்கொள்கிறான். ஒரு பொருள் இன்னொன்றுக்காக நிற்கலாம் என்ற எண்ணம் அவனுக்குள் அப்போது பிறக்கிறது. எழுத்து என்பதும் அதுதான் அல்லவா? 'அ' என்பது ஒரு கிறுக்கல்; அது ஒரு ஓசைக்காக நிற்கிறது என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம், அவ்வளவே. மட்டையைக் குதிரை ஆக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கோட்டை ஓசையாக ஆக்குவது எளிது. இந்த உதாரணத்தை நாங்கள் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. ரஷ்யாவில் வாழ்ந்து 1934-ல் தமது 37-ஆம் வயதில் காசநோயால் இறந்துபோன வைகோட்ஸ்கி என்ற உளவியல் அறிஞர், குழந்தை குச்சியைக் குதிரையாக்குவதை வைத்தே எழுத்தின் தொடக்கத்தை விளக்கினார். அவருடைய நாட்டில் தென்னை மட்டை இல்லை என்பதுதான் வேறுபாடு.

அந்தத் தந்தை குறை சொன்ன புளியங்கொட்டைக்கு வருவோம். நம் மாவட்டத்தில் புளிக்குப் பஞ்சமில்லை. மாசி பங்குனியில் எந்தத் திண்ணையைப் பார்த்தாலும் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் பிள்ளைகள் கொட்டையை அள்ளிக்கொண்டிருக்கும். அந்தக் கொட்டைகளில் ஆறை எடுத்து ஒரு வரிசையாக வையுங்கள். அதற்கு நேராக இன்னும் ஆறை வைத்து இரண்டும் சமமா என்று நான்கு வயதுப் பிள்ளையைக் கேளுங்கள். சமம் என்று சொல்லும். பிறகு அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வரிசையை அகலமாகப் பரப்பிவிட்டுக் கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் நீளமான வரிசையில்தான் அதிகம் இருக்கிறது என்று சொல்லும். ஒன்று முதல் நூறு வரை ஒப்பிக்கிற பிள்ளையும் இப்படிச் சொல்வதுண்டு! சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே இதைக் கண்டு எழுதினார். ஆறு என்பது இடத்தைப் பொறுத்ததன்று, எண்ணிக்கையைப் பொறுத்தது என்ற தெளிவு ஒப்பிப்பதால் வருவதில்லை. கொட்டைகளைக் கூட்டி, பிரித்து, பங்கு போட்டு, "உனக்கு ரெண்டு அதிகம்" என்று சண்டை பிடித்துத்தான் வருகிறது. நம் பாட்டிமார் பல்லாங்குழியின் 14 குழிகளிலும் கொட்டையை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனார்களே, அது என்ன பாடம் என்று எண்ணிப் பாருங்கள். தன் கையில் உள்ளது எந்தக் குழியில் தீரும் என்பதை எடுக்கும் முன்பே மனத்தில் கணக்கிடவேண்டும். ஐந்தரை வயதுப் பிள்ளைகள் அதைச் செய்வதை எங்கள் பள்ளித் திண்ணையில் வந்து பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் புளியங்கொட்டை, வேர்க்கடலை, மணி போன்றவற்றைக் கொடுக்காதீர்கள். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும். தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. பெரிய பிள்ளைகளும் பெரியவர் ஒருவர் பார்வையில்தான் விளையாட வேண்டும்.

இனி ஒரு பையனைப் பற்றிச் சொல்லுகிறோம். பெயர் வேண்டாம். தந்தை பெங்களூரில் கட்டட வேலை. தாயும் உடன் போய்விட்டார். பையன் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தான். வீட்டில் தெலுங்கு. பள்ளியில் சேர்ந்து நான்கு மாதம் அவன் வாய் திறக்கவில்லை. பெயரைக் கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்வான். ஊமையோ என்றுகூட எங்களில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது.

பிள்ளைகள் அப்போது பேருந்து விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கயிற்றின் இரு முனையையும் முடிந்து அதற்குள் எல்லோரும் நிற்பார்கள். முன்னால் நிற்பவர் டிரைவர், பின்னால் நிற்பவர் கண்டக்டர். இவனும் தினமும் கயிற்றுக்குள் பயணியாக நின்றான். ஒருநாள் கண்டக்டர் பிள்ளைக்குக் காய்ச்சல், வரவில்லை. இவன் மெல்லப் போய்ப் புளிய இலையை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, "எந்த ஊரு?" என்று கேட்டான். நாங்கள் கேட்ட அவனுடைய முதல் தமிழ் வார்த்தை அதுதான். ஒருத்தி பாலக்கோடு என்றாள். ஒருவன் அரூர் என்றான். இன்னொருவன் பென்னாகரம் என்றான். எல்லோருக்கும் இலைச்சீட்டுக் கொடுத்துச் சில்லறையும் கொடுத்தான். ஒரு பெண் பெங்களூர் என்றாள். இவன் சிறிது நேரம் பேசாமல் நின்று, "பெங்களூருக்கு இந்த பஸ் போகாது" என்றான். மறுநாளும் அதே விளையாட்டு, அதே பதில். ஒரு வாரம் சென்றபின் அவனே "பெங்களூர், பெங்களூர், ஏறு" என்று கூவ ஆரம்பித்துவிட்டான்.

நாங்கள் மனநூல் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் அல்லர். அந்த ஒரு வாரத்தில் அவனுக்குள் என்ன நடந்தது என்று அடித்துச் சொல்ல எங்களால் முடியாது. ஆனால் வாய்திறந்து சொல்ல முடியாத ஒன்றை விளையாட்டில் வைத்துப் பிள்ளை சொல்லிக்கொள்கிறது என்பதை அன்று கண்ணால் கண்டோம். மொழியும் அதனோடு சேர்ந்து வந்தது. நாங்கள் பாட்டுச் சொல்லிக்கொடுத்தபோது வராத தமிழ், சீட்டுக் கொடுக்க வேண்டிய அவசரத்தில் வந்தது. தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைந்த நம் பகுதியில் இது சிறிய காரியமா?

நற்செய்தி வாசகம் ஒன்று இந்த இடத்தில் எங்களுக்கு நினைவுக்கு வருகிறது. லூக்கா 7-ஆம் அதிகாரத்தில் இயேசு, சந்தைவெளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறார். குழல் ஊதினோம், நீங்கள் ஆடவில்லை. ஒப்பாரி வைத்தோம், நீங்கள் அழவில்லை என்று ஒரு கூட்டம் மற்றக் கூட்டத்தைக் குறைகூறுகிறது. அந்த உவமையின் பொருளைப் பங்குத்தந்தை பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறார். அதில் நாங்கள் தலையிடவில்லை. எங்கள் கண்ணில் படுவது அந்தப் பிள்ளைகள்தாம். அவர்கள் கல்யாண விளையாட்டும் சாவு விளையாட்டும் விளையாடியிருக்கிறார்கள்! நம் தெருவிலும் அப்படியே. ஒரு துக்கம் நடந்த மறுநாள் பிள்ளைகள் டப்பாவைத் தட்டிக்கொண்டு பாடை தூக்கி விளையாடும்; பெரியவர்கள் அபசகுனம் என்று அடித்து விரட்டுவார்கள். அடிக்காதீர்கள். பெரியவர்கள் கூடிப் பேசி ஆற்றிக்கொள்வதை அவை அப்படி ஆற்றிக்கொள்கின்றன.

விளையாட்டு என்றால் பிள்ளைகளை அவிழ்த்துவிட்டு ஆசிரியைகள் நிழலில் உட்கார்ந்து கதை பேசுவது என்று நினைப்பவர்கள் உண்டு. (சில இடங்களில் அப்படி நடப்பதும் உண்டு என்பதை மறைக்கவில்லை.) பேருந்து விளையாட்டுக்குக் கயிறு எடுத்துவைத்தது யார்? ஊர்ப் பெயர்களை அட்டையில் எழுதி மரத்தில் தொங்கவிட்டது யார்? "டிக்கெட் பத்து ரூபாய், இவள் இருபது கொடுத்தாளே, மீதி எங்கே?" என்று பயணியாக ஏறிக் கேட்டது யார்? இவ்வளவும் முதல் நாள் மாலையே உட்கார்ந்து யோசிக்கவேண்டும். சிலேட்டில் 'அ' எழுதிக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்காருவது இதைவிட நூறு மடங்கு சுலபம், எங்களை நம்புங்கள்.

கண்ணாமூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணைப் பொத்திக்கொண்டு இருபது எண்ணும் வரை திறந்து பார்க்கக்கூடாது. பார்க்க ஆசை துடிக்கும். பார்த்தால் ஆட்டம் போய்விடும். தன் ஆசையைத் தானே அடக்கிக்கொள்ள அந்தப் பிள்ளையை யாரும் பிரம்பெடுத்து மிரட்டவில்லை. முதல் வகுப்பில் நாற்பது நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்து ஆசிரியர் சொல்வதைக் கேட்க வேண்டிய பழக்கம் இதிலிருந்துதான் முளைக்கிறது.

இது வெளிநாட்டாரிடமிருந்து கடன் வாங்கிய புதுக் கொள்கை என்றும் சிலர் சொல்லுவார்கள். நம் புலவர்கள் பிள்ளைத்தமிழ் பாடியபோது குழந்தையின் வளர்ச்சியை எதைக்கொண்டு அளந்தார்கள்? ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை மடக்கிக் கைகளை ஊன்றித் தலையசைத்தால் செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டினால் சப்பாணி. தளர்நடையிட்டு வந்தால் வருகை. பின்னர் ஆண்பிள்ளைக்குச் சிறுபறை, சிறுதேர், பெண்பிள்ளைக்கு அம்மானை, ஊசல். இன்றைய குழந்தை மருத்துவர் தாயிடம் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய இவைதாமே: கவிழ்ந்ததா, கைதட்டுகிறதா, நடக்கிறதா?

மேல்நாட்டிலும் இதற்காகப் போராட வேண்டியிருந்தது. ஜெர்மனியில் ஃபிரோபெல் 1840-ல் தமது பள்ளிக்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள்படும் 'கிண்டர்கார்ட்டன்' என்ற பெயரைச் சூட்டினார். எல்.கே.ஜி. என்ற எழுத்துக்களில் உள்ள 'கே'யும் 'ஜி'யும் அதுதான். அந்தத் தோட்டத்தில் நோட்டும் டெஸ்டும் எப்போது நுழைந்தன என்பதை ஆராய ஒரு தனிக் கூட்டம் போடவேண்டும்! மரிய மாண்டிசோரி அம்மையார் 1907-ல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அவர் 1939-ல் நம் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் மூண்டதால் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியாமல், கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கினார். அவர் இதை விளையாட்டு என்று சொல்ல விரும்பாமல், குழந்தையின் வேலை என்றே சொன்னார். பெயரைப் பற்றி எங்களுக்கு வழக்கில்லை. மூன்று வயதுப் பிள்ளை மண்ணில் அணை கட்டும்போது முகத்தைப் பார்த்தால் அம்மையார் சொன்னது புரியும்.

இனி நம் மாவட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறோம். பால்வாடி என்று நாம் சொல்லும் அங்கன்வாடி, 1975 அக்டோபர் 2-ஆம் நாள் நாடு முழுவதிலும் 33 இடங்களில் சோதனையாகத் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நடப்பது. தமிழ்நாட்டில் அத்திட்டம் முதன்முதல் வந்த இடங்களில் தளி ஒன்றியமும் ஒன்று. இன்று தளி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. 2004-ல் மாவட்டம் பிரியும் வரை அது நம் தருமபுரி மாவட்டம்தான். அன்றைய அதிகாரிகள் தளியை எடுத்ததற்கு அங்கிருந்த வறுமை ஒரு காரணமாக இருந்திருக்கவேண்டும். பெருமைப்படவும் முடியவில்லை, பெருமைப்படாமல் இருக்கவும் முடியவில்லை. பிறகு 1982 ஜூலை முதல் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளி வயதுக்கு வராத பிள்ளைகளுக்கும் சேர்த்தே சோறு போட்டார்கள். வானம் பொய்த்தால் கேழ்வரகுக் களிக்கும் வழியில்லாத இந்த மண்ணில் அந்தச் சோறு எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியது என்பது இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும்.

அந்தக் குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் ஆறு பணிகள் இருந்தன. ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல்நலச் சோதனை என்பவற்றோடு, பள்ளிக்கு முந்திய கல்வியும் ஒன்று. அது விளையாட்டு வழியாகவே இருக்கவேண்டும் என்பது முதல்நாள் தொட்டே உள்ள ஏற்பாடு. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கான பாடத்திட்டத்துக்கு வைத்த பெயரே "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்பதுதான். ஆனால் மாலையில் பிள்ளையைக் கூப்பிட வருகிற நாம் என்ன கேட்கிறோம்? "இன்னிக்கு முட்டை போட்டாங்களா?" என்கிறோம். "இன்னிக்கு என்ன விளையாடினே?" என்று கேட்ட ஒருவரையும் நாங்கள் கண்டதில்லை. பால்வாடி டீச்சருக்கோ எடை பார்க்கும் வேலை, பதிவேடு எழுதும் வேலை, தேர்தல் வந்தால் அந்த வேலையும் சேர்ந்துவிடுகிறது. ஆறில் ஐந்து பணிகளுக்குக் கணக்குக் கேட்கிறார்கள், ஆறாவதைக் கேட்பாரில்லை. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளிகளின் வளாகத்தில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். பெற்றோர் வேன் பின்னால் ஓடுகிறார்கள் என்பதை அரசும் கவனித்துவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சோறு போதாதா, விளையாட்டும் வேண்டுமா என்பதற்கு ஜமைக்கா தீவில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லுகிறோம். நம்மைப் போலவே ஏழைகள் நிறைந்த கிங்ஸ்டன் நகரில், 1986-87-ஆம் ஆண்டுகளில், வயதுக்கேற்ற உயரமில்லாமல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் 9 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குட்பட்டவர்கள். ஒரு பகுதியினருக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை சுகாதார ஊழியர் ஒருவர் சென்று, ஒரு மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டினார். கடையில் வாங்கிய சாமான்கள் இல்லை. வீட்டில் கிடக்கும் பழைய பொருள்களில் செய்த பொம்மைகள்தாம். இன்னொரு பகுதிக்கு இரண்டும் உண்டு. மற்றொன்றுக்கு இரண்டும் இல்லை. இப்படி இரண்டு ஆண்டுகள்.

முடிவில், பால்மாவு பெற்றவர்களும் முன்னேறினார்கள், விளையாட்டுப் பெற்றவர்களும் முன்னேறினார்கள், இரண்டும் பெற்றவர்கள் எல்லோரையும்விட முன்னேறினார்கள். அதோடு விடாமல் அந்தப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பால்மாவினால் அறிவில் வந்த முன்னேற்றம் நாளடைவில் மங்கிவிட்டது. விளையாட்டால் வந்தது நின்றது. 22 வயதில் பார்த்தபோது, குழந்தையில் அந்த விளையாட்டுக் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட ஏறக்குறைய 25 விழுக்காடு அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். இதைக் கேட்டுவிட்டுச் சோற்றை நிறுத்திவிடலாம் என்று யாரும் எண்ணவேண்டாம். பசித்த பிள்ளை விளையாடாது, அதை எங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? நாங்கள் சொல்ல வந்தது, அந்தக் குவாரித் தொழிலாளித் தந்தை தம் மகளுக்காக ஆசைப்பட்ட எதிர்காலத்துக்கு இந்தப் புளியங்கொட்டையும் ஒரு வழி என்பதைத்தான். வாரம் ஒரு மணி நேரம், ஒரு பெரியவர், சில பழைய டப்பாக்கள். நம்மால் முடியாததா?

வீட்டில் நடப்பதையும் கொஞ்சம் பேசவேண்டும். பெற்றோர் பெங்களூரிலோ ஓசூரிலோ திருப்பூரிலோ இருக்க, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிமார் இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் இருக்கிறீர்கள். முழங்கால் வலியோடு பிள்ளை பின்னால் ஓட முடியாது. கைப்பேசியைக் கொடுத்தால் அது ஓரிடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. உங்களை நாங்கள் குறை சொல்லமாட்டோம். ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளை உட்கார்ந்து திரையைப் பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. ஒரு வயதுப் பிள்ளைக்கு அறவே வேண்டாம். மூன்று நான்கு வயதில் நாளுக்கு மூன்று மணி நேரமாவது உடம்பு அசையவேண்டும், அதில் ஒரு மணி நேரமாவது ஓடியாடவேண்டும். நீங்கள் ஓடவேண்டாம். திண்ணையில் உட்கார்ந்தபடியே ஒரு முறம் அவரையும் மொச்சையும் கலந்து கொடுத்து, பெரிய பிள்ளையைப் பிரிக்கச் சொல்லுங்கள், விடுகதை போடுங்கள், ஐந்தாங்கல் ஆடிக் காட்டுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஆட்டங்கள் எங்கள் ஆசிரியர் பயிற்சிப் புத்தகத்தில் இருந்தவற்றைவிட அதிகம்.

பெண்பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்து வயதுப் பெண் இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு, மற்றவர்கள் பாண்டி ஆடுவதை ஓரமாக நின்று பார்க்கும் காட்சியை நம் ஊரில் இன்றும் காண்கிறோம். அவளுடைய அண்ணனுக்கு அந்தப் பொறுப்பு இல்லை. தம்பியை ஒரு மணி நேரம் யாராவது வாங்கிக்கொள்ளக் கூடாதா?

எங்களிடம் படித்த பிள்ளை ஐந்து வயது முடிந்து முதல் வகுப்புக்குப் போகும்போது எழுத்துக்கள் அறவே தெரியாமல் போவதில்லை. கடைசி ஆண்டில், கையும் காதும் தயாரான பிள்ளைகளுக்கு, மணலில் விரலாலும் பிறகு பலகையில் சுண்ணாம்புக் கட்டியாலும் எழுத்துக்களைக் காட்டுகிறோம். அநேகம் பேர் அதற்கு முன்பே பேருந்தில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். யாராவது ஒரு பிள்ளை பின்தங்கினால் எங்களிடம் வந்து கேளுங்கள். இனிமேல் "போகப்போக வரும்" என்று சொல்லி அனுப்பமாட்டோம். பிள்ளை என்ன செய்கிறது, எது இன்னும் வரவில்லை என்று எடுத்துக் காட்டுவோம். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக் கதவு உங்களுக்குத் திறந்திருக்கும். கூலி வேலையை விட்டு வரமுடியாதவர்கள் ஞாயிறு திருப்பலி முடிந்தபின் வாருங்கள், இருவராவது இருப்போம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பொன்விழாவுக்குப் பள்ளிக்கு எதாவது செய்யவேண்டுமென்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். சுவர்க் கடிகாரம் மூன்று வந்துவிட்டது, போதும். ஒரு டிராக்டர் மணல், கல்லில்லாமல் சலித்தது, வேப்ப மரத்தடியில் கொட்டிக்கொடுத்தால் நல்லது. கொட்டாங்கச்சி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்கள், பழைய சேலைத் துண்டு, இழைத்து மழுக்கிய மரக்கட்டைகள், தடித்த கயிறு ஒன்று. பேருந்துக் கயிறு இற்றுப்போய்விட்டது. முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறோம். புளி உடைத்து முடித்த வீடுகளில் கொட்டை இருந்தால் கழுவி, வெயிலில் காயவைத்து ஒரு படி கொடுத்தனுப்புங்கள்.

அந்தத் தந்தையின் வீட்டுக்கு நாங்கள் இருவர் சென்ற மாதம் போயிருந்தோம். இங்கே சொன்னதில் பாதியை அவரிடமும் சொன்னோம். அவர் இன்னும் ஒன்றும் முடிவு சொல்லவில்லை. நாங்கள் புறப்படும்போது அவர் மகள் வாசலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, "எந்த ஊரு?" என்று எங்களைக் கேட்டாள்.